யாருடைய அளவுகோல்? உளவியல் பயிற்சியின் புதிய விதிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர் வட்டாரங்களிலும் பணியாற்றும் மருத்துவ உளவியலாளர்கள், ஆலோசகர்கள், சிறப்புப் பள்ளி உளவியலாளர்கள், மனநலச் சமூகப் பணியாளர்கள் சேர்ந்த எங்கள் சங்கம், நீண்ட விவாதத்துக்குப் பிறகு இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

எம்.ஃபில். மருத்துவ உளவியலுக்கு 2025-26தான் கடைசிச் சேர்க்கை என்று யு.ஜி.சி. அறிவித்தது. 2025 ஆகஸ்டில், தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் படிப்பு நடத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. மருத்துவ உளவியலாளர் மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ், மற்ற உளவியலாளர்கள் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஆணையத்தின் கீழ் என்று பதிவேடும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. புதிய பாடத்திட்டங்கள் வருகின்றன. இந்த நேரத்தில் வாய் திறக்காவிட்டால் இன்னும் இருபது ஆண்டுக்கு யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை.

1. ஒரே தரம் குறித்து

நாடு முழுவதும் ஒரே பயிற்சித் தரம் வேண்டும் என்பதைச் சங்கம் கொள்கை அளவில் வரவேற்கிறது. மூன்று நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு 'சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்டுபவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் தரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். 1896இல் விட்மர் பென்சில்வேனியாவில் திறந்த சிகிச்சையகத்திலிருந்து இந்தத் துறையின் வரலாற்றைத் தொடங்குகிறோம். 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 1955இல் பெங்களூரு அகில இந்திய மனநல நிறுவனம், இன்றைய நிமான்ஸ், முதல் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. எழுபது ஆண்டுகளில் பட்டங்களின் பெயர் மாறியது. காலமும் கூடியது, குறைந்தது. பாடமும் சோதனைப் பெட்டியும் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

2. சோதனைகள் குறித்து

இந்தப் பகுதி நீண்டுவிட்டது என்று செயற்குழுவிலேயே சிலர் சொன்னார்கள். சுருக்க மனம் வரவில்லை.

நம் மேசையில் இருக்கும் சோதனைகள் எங்கிருந்து வந்தவை என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். விதி எழுதுபவர்களுக்காக ஒருமுறை சொல்கிறோம். 1905இல் பாரிஸில் பினேயும் சிமோனும் உருவாக்கிய கேள்விகளை, 1916இல் டெர்மன் ஸ்டான்ஃபோர்டில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மாற்றினார். அதை 1934இல் தார்வாடில் வி.வி. காமத் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கு மாற்றினார். காமத் செய்தது பெரிய காரியம்; அன்றைக்குத் தனி ஒருவர் அதற்கு மேல் செய்ய முடியாது. ஆனால் அது 90 ஆண்டுக்கு முந்தைய தார்வாடு. பாட்டியாவின் அறிவுத்திறன் சோதனைத் தொகுப்பு 1955இல் வந்தது. அதன் ஒப்பீட்டு அளவுகள் உத்தரப் பிரதேசத்தின் 11 முதல் 16 வயது ஆண் பிள்ளைகளைச் சோதித்து எடுத்தவை. வாடிப்பட்டியில் 13 வயதுப் பெண் பிள்ளையின் முன் அந்தக் கட்டைகளை அடுக்கும்போது, அவளை யாரோடு ஒப்பிடுகிறோம்?

சமூக முதிர்ச்சியை அளக்கும் வைன்லாந்து அளவுகோலும் இப்படித்தான். எட்கர் டால் 1930களில் நியூ ஜெர்சியில் உருவாக்கிய மூலத்தில், பிள்ளை சாண்டா கிளாஸ் உண்மை என்று நம்புவதை விட்டுவிட்டதா என்று ஒரு கேள்வியே இருந்தது. நாக்பூரில் மாலின் அதை நம் நாட்டுக்கு மாற்றினார். பின்னர் பரத்ராஜ் திருத்தினார். சாண்டா கிளாஸ் போய்விட்டார். ஆனால் 'தனியாகப் போவது', 'தானே வாங்குவது' என்று வளர்ச்சியைத் தனிமையால் அளக்கும் பார்வை போகவில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம்களில் நடப்பதைச் சொல்கிறோம். எந்த முகாம் என்று சொல்லத் தேவையில்லை. எல்லா இடத்திலும் இதுதான். காலை ஏழு மணிக்கு முதல் பஸ்ஸில் ஏறி வந்த தாய், மதியம் தன் முறை வரும்போது பையனை மடியில் இழுத்துப் பிடித்தபடி உட்காருகிறார். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அதில் அவருடைய ஊர்க்காரர்களும் உண்டு. கையேடு ஆங்கிலத்தில், அதுவும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். உளவியலாளர் அந்த இடத்திலேயே மனசுக்குள் தமிழாக்கிக் கேட்கிறார்: "பையன் தனியா கடைக்குப் போவானாம்மா?" தாய் நிமிர்ந்து சொல்கிறார்: "அதெல்லாம் போவான் சார். எங்கூருல எல்லா இடத்துக்கும் போவான்."

உண்மைதான். அந்த ஊரில் போவான். கடைக்காரர் மாமன் முறை. காசை எண்ணிப் பார்ப்பவரும் அவர்தான், மிச்சத்தைப் பையன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டி விடுபவரும் அவர்தான். வழியில் ஏழு வீட்டுத் திண்ணை அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே பையனைத் திருமங்கலம் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. நாற்பது பேர் முன்னால் தன் பிள்ளையை இன்னும் கீழே இறக்கிப் பேச எந்தத் தாய்க்கு மனம் வரும்? உளவியலாளர் 'ஆம்' என்று குறிக்கிறார்.

அந்த ஒரு குறியின் விலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலில், வைன்லாந்து மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் பாதிப்பு 50 சதவீதம். 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் வேண்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கிடைப்பதும் கிடைக்காததும் 69க்கும் 70க்கும் இடையில் இருக்கிறது.

இந்தச் சோதனைகள் மறுபக்கமும் வெட்டும். ஒன்பது வயதில் தனியாக ஆடு மேய்த்து, அந்தி சாயும்போது ஒவ்வொன்றையும் அடையாளம் பார்த்துப் பட்டியில் அடைக்கும் பிள்ளை, பென்சில் பிடித்து வரையும் பகுதியில் தடுமாறினால் 'மிதமான குறைபாடு' என்று எழுதப்படுகிறது. அந்தத் தாள் அவனோடு பள்ளிக்கும் போகிறது, பெண் பார்க்கும் இடத்துக்கும் போகிறது.

இதற்குக் கீழே நாம்தான் கையெழுத்துப் போடுகிறோம். தார்வாடு எங்கே, 1934 எங்கே, பேரையூர் எங்கே! பழைய தராசு என்று தெரிந்தும் அதில் நிறுத்துவிட்டு, தசமப் புள்ளி வரை எடை எழுதிக் கொடுப்பதை அறிவியல் என்று சொல்ல முடியாது.

பழைய சோதனையாவது இருப்பது ஒன்றுமில்லாததைவிட மேல், அனுபவமுள்ள உளவியலாளர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை என்பது மூத்த உறுப்பினர் சிலரின் கருத்து. அதைச் சங்கம் மறுக்கவில்லை. உரிமம் பெற்ற புதிய இந்தியப் பதிப்புகளும் இருக்கின்றன. பெரும்பாலான சிறப்புப் பள்ளிகளால் அவற்றை வாங்க முடியாது. ஆய்வுப் பட்டங்களுக்காகச் செய்த தமிழாக்கங்களும் உண்டு. அவை நூலக அலமாரியைத் தாண்டி முகாம் மேசைக்கு வந்ததில்லை.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசும் மக்கள் தம் மனத்துயரத்தை எப்படிச் சொல்கிறார்களோ அதிலிருந்தே 14 கேள்விகள் கொண்ட பட்டியலை உருவாக்கினார்கள். 2006இல் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு பெஞ்சு' திட்டத்தில் பாட்டிமார் ஆஸ்பத்திரி வளாகத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். நம்மைவிடப் பணக்கார நாடல்ல அது.

3. பயிற்சி மொழி குறித்து

யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் தமிழிலேயே நூல் எழுதினார்கள். ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் தமிழிலேயே பயிற்சி கொடுத்தார்கள். போரால் வந்த துயரத்தைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்திருக்கின்றன என்பதை அந்த அனுபவத்திலிருந்தே உலகத்துக்குச் சொன்னார்கள். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாக நாள்தோறும் மேடையில் பேசும் மதுரையில், ஓர் உளவியல் மாணவர் தன் நோயாளியிடம் தமிழில் பேசிவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து மேற்பார்வையாளரிடம் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறார். நோயாளி சொன்னதில் பாதி அந்த வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது. இதைக் குறையென்று சொல்லக்கூட நமக்கு இத்தனை ஆண்டு ஆனது வெட்கம்.

ஆங்கிலம் வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. ஆய்விதழ்களைப் படிக்க அது வேண்டும். மேற்பார்வையின் ஒரு பகுதியாவது தமிழில் நடக்க வேண்டும், நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே பதிவு செய்யவும் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

4. தொலைநிலையில் படித்தவர்கள் குறித்து

இதில் சங்கத்துக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நேரடிப் பயிற்சி இல்லாமல் சிகிச்சை கற்க முடியாது என்பதை எல்லோரும் ஏற்கிறோம். அதே நேரம், சிறப்புப் பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் முதுநிலை முடித்தவர்கள் நம்மில் கணிசமானவர்கள், பெரும்பாலோர் பெண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 கணக்குப்படி இந்தியாவில் பத்து லட்சம் பேருக்கு ஓர் உளவியலாளர்கூட இல்லை. 30 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மாவட்டம் நம்முடையது. இருப்பவர்களையும் ஒரே சுற்றறிக்கையில் செல்லாக்காசாக்குவது சரியல்ல. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு, உரிய நிபந்தனைகளுடன், மேற்பார்வையோடு கூடிய இணைப்புப் பயிற்சி வேண்டும்.

5. கோயில், தர்கா குறித்து

ஏர்வாடியை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்து இறந்த 28 பேர் நம் எல்லோர் மேலும் சுமையாக இருக்கிறார்கள். மனிதரைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அதில் மறுபேச்சுக்கே இடமில்லை.

அதேபோல், பாண்டி முனி கோயிலுக்கும் கோரிப்பாளையம் தர்காவுக்கும் போய்விட்டு நம்மிடம் வருபவரை முட்டாளாகப் பார்ப்பதையும் ஏற்க மாட்டோம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. சிறிய ஆய்வுதான். அதை வைத்து மருந்தை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் பரிவோடு தங்க இடம் கொடுத்தாலே மனிதர் தேறக்கூடும் என்பதைக் கணக்கில் எடுக்கலாம்.

6. மற்றவை

14416 என்ற எண்ணில் கிடைக்கும் மனநலத் தொலைபேசி உதவியை வரவேற்கிறோம். அது நேரில் பார்க்கும் பணியாளருக்கு மாற்றாகாது. மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒப்பந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்க வேண்டும். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம்களில் பணியாற்ற, யாழ்ப்பாணத்துப் பயிற்சி நூல்களைப் பயன்படுத்த வேண்டும்.

7. கோரிக்கைகளும் எங்கள் பொறுப்பும்

மறுவாழ்வுக் கவுன்சிலும் மாநில அரசும், தமிழ்நாட்டுப் பிள்ளைகளை வைத்து, பெண் பிள்ளைகளையும் கிராமத்துப் பிள்ளைகளையும் உரிய விகிதத்தில் சேர்த்து, அறிவுத்திறனுக்கும் அன்றாட நடத்தைக்கும் தமிழ் அளவுகோல்களைப் பொதுப்பணத்தில் உருவாக்கி இலவசமாகத் தர வேண்டும். அதுவரை, 40 சதவீத எல்லைக்குப் பக்கத்தில் வரும் மதிப்பெண்ணை வைத்து மட்டும் சான்றிதழ் மறுக்கக் கூடாது. இன்னொரு நாள், தனி அறையில், மறு மதிப்பீடு செய்ய வேண்டும். இயன்ற இடங்களில் வீட்டுக்கோ பள்ளிக்கோ சென்று பார்க்க வேண்டும். 'இயன்ற இடங்களில்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர்களும் நீக்கச் சொன்னவர்களும் உண்டு. சேர்ப்பது என்று முடிவானது.

அரசு செய்யும்வரை காத்திருக்கப் போவதில்லை. இனி எங்கள் உறுப்பினர் எழுதும் ஒவ்வொரு மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பக்கத்திலும் மூன்று தகவல்கள் இருக்கும்: பயன்படுத்திய சோதனையின் ஒப்பீட்டு அளவுகள் எந்த ஊரில், எந்த ஆண்டில் எடுத்தவை, கேள்விகள் எந்த மொழியில், யாருடைய மொழிபெயர்ப்பில் கேட்கப்பட்டன, பதில் சொன்னபோது அறையில் வேறு யார் இருந்தார்கள். இதனால் எந்தக் குடும்பத்தின் சான்றிதழும் தாமதமாகக் கூடாது. அந்த வரிகள் வேண்டாம், அடித்துவிட்டுக் கொடுங்கள் என்று எந்த அலுவலகம் கேட்டாலும் உறுப்பினர் மறுக்க வேண்டும். அவருக்குப் பின்னால் சங்கம் நிற்கும்.