கொம்பியூட்டர் படிப்பு என்றால் எந்தப் படிப்பு?

சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரமே ஹட்டனிலும் பதுளையிலும் பஸ் தரிப்பிடத்தில் துண்டுப்பிரசுரம் கொடுக்க ஆள் நிற்கத் தொடங்கிவிடும். ஆறு மாதத்தில் டிப்ளோமா, கையோடு வேலை என்று அதில் போட்டிருக்கும். அதை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வரும் அம்மாமார் எத்தனை பேர்! அடுத்த வாரம் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. ஆறு மாதம் கழித்து மகளின் கையில் தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ். கிடைத்த வேலையோ கொழும்பில் ஒரு துணிக்கடையில் பில் அடிப்பது.

கடை வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குத் தோட்டை அடகு வைக்கத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

பெற்றோரையும் குற்றம் சொல்ல மாட்டேன். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட எத்தனை போராட்டம் நடந்தது! 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவானது. அந்தச் செக்ரோலில் தன் பிள்ளையின் பேர் ஏறக்கூடாது என்று தாய் நினைப்பதில் என்ன பிழை? பிழை வேறு இடத்தில் இருக்கிறது. "கொம்பியூட்டர் படிக்கிறான்" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். "தோட்டத்தில் வேலை" என்றால் கொழுந்து எடுப்பவரும் அதில் அடக்கம், லொறிச் சாரதியும் அடக்கம், கணக்கப்பிள்ளையும் அடக்கம். மூவருக்கும் ஒரே சம்பளமா? தகவல் தொழில்நுட்பமும் அப்படித்தான். இயந்திரத்தைத் திருத்துபவர், வலையமைப்பைப் பராமரிப்பவர், மென்பொருள் எழுதுபவர், எழுதியதைச் சோதிப்பவர், படம் வடிவமைப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு படிப்பு. வேர்ட், எக்செல் தெரிந்திருப்பது எழுத வாசிக்கத் தெரிந்திருப்பதைப் போல. அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதுவே ஒரு தொழிலாகிவிடாது.

ஆகவே பின்னாலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளை எந்த வேலைக்குப் போக விரும்புகிறதோ, அந்த வேலைக்கான பத்து விளம்பரங்களைத் தேடி ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். என்ன தகைமை கேட்கிறார்கள், எந்த மொழி கேட்கிறார்கள், எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள்? பத்திலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதைக் கற்பிக்கும் இடத்துக்குத்தான் காசு கட்ட வேண்டும். கட்டுமுன், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தப் பாடநெறி தேசிய தொழில் தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். பதிலுக்குத் தேநீர் தந்து பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உயர்தரம் போக முடியாத பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் மாவட்டம் தோறும் இருக்கின்றன. அங்கே 4ஆம் மட்டம் முடித்தால், 5ஆம் மட்டம் டிப்ளோமா, 6ஆம் மட்டம் உயர் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம் என்று அதே ஏணியில் ஏறலாம். உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் கண்டி போன்ற இடங்களிலுள்ள உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்தும் பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டமும் இருக்கிறது. முதல் வருடத்தை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தை முடித்தால் உயர் டிப்ளோமா. ஆகவே இடையில் கைக்காசு தீர்ந்து நின்றாலும் வெறுங்கையோடு வர வேண்டியதில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் பைதன், இணையத்தள வடிவமைப்பு ஆகியவற்றை இணையத்தில் இலவசமாகவே கற்பிக்கிறது. பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்று பார்க்க, தோட்டை அடகு வைக்குமுன் முதலில் அதைச் செய்து பார்க்கலாம்.

பி.ஐ.டி. பரீட்சை ஆங்கிலத்தில். நேர்முகப் பரீட்சையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். என்னைக் கேட்டால் முதல் வருடக் காசை ஆங்கிலத்துக்கே செலவழிக்கச் சொல்வேன். மென்பொருள் மொழிகள் சில வருடத்துக்கு ஒருமுறை மாறும். ஆங்கிலத்தில் வாசித்து விளங்கத் தெரிந்த பிள்ளை அடுத்ததைத் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

வேலை கிடைத்த பிறகு கதை முடிந்ததா? இங்கேதான் சங்கம் பேச வேண்டும். தோட்டத்தில் அரைப்பேர் போட்டால் கங்காணியோடு சண்டை பிடிக்கத் தெரிந்த அம்மா, மகன் இரவு பதினொரு மணி வரை கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் "ஆபீஸ் வேலைதானே" என்று பேசாமல் இருக்கிறார். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நாளைக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று அது வரையறுக்கிறது. அதற்கு மேல் செய்தால் மேலதிகக் கொடுப்பனவு. சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். "நீ இன்னும் ட்ரெய்னிதானே" என்று சொல்லி இதை வெட்ட முடியாது. சம்பளம் வாங்கும் பயிற்சியாளருக்கும் சேமலாப நிதி உண்டு. நியமனக் கடிதத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரட்டும். முப்பது வருடம் ஈ.பி.எஃப். கணக்குப் பார்த்த அம்மாவுக்கு அதில் எங்கே ஓட்டை என்று உடனே தெரியும்.

எங்கள் சங்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பரிசளிப்பு விழாவில் ஒரு மடிக்கணினி கொடுத்துப் படம் எடுப்பதோடு நாமும் நின்றுவிடுகிறோம். கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை மறந்துவிட்டோமா? பல தோட்டங்களில் இன்றும் லயத்துக்குள் சிக்னல் சரியாக இல்லை. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும்போது எங்கே உட்கார்ந்து படிப்பது? பாடசாலைக் கணினி அறை பிற்பகல் இரண்டு மணிக்குப் பூட்டப்பட்டால் மறுநாள் காலை வரை யாருக்கும் பயனில்லை. அதை மாலையில் திறந்து வைக்கவும், பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கவும் வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்க ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் உரிமை இருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் அதே பிடிவாதத்தோடு கேட்க வேண்டும்.

அடுத்த பெறுபேறு வரும்போது அந்தத் துண்டுப்பிரசுரத்தை அடகுக் கடைக்கு முன்னால் தோட்டத் தலைவரிடம் கொண்டு வாருங்கள். பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.