பூட்டிய அலமாரியும் நூலகவியல் மாணவியும்



என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவி ஒருத்தி இன்று பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படிக்கின்றாள். தீபாவளி விடுமுறையில் என்னைக் காண வந்தவளிடம், "இப்பொழுது என்னம்மா படிக்கிறாய்?" என்று கேட்டேன். நூற்பகுப்பு, பட்டியலாக்கம், தரவுத்தளம் என்று பாடங்களை அடுக்கியவள், தற்சமயம் வாசித்துவரும் நூலையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றி எஸ்.ஆர். இரங்கநாதன் எழுதி 1931-இல் வெளிவந்த நூல் அது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த இரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவர்தம் முதல் விதி. அதை விளக்குகையில், முற்கால ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

இதைச் சொல்லிவிட்டு, "ஐயா, நம் பள்ளி நூலக அலமாரிச் சாவி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாம் ஆண்டில் ஒரு கதைநூலை அவள் இருமுறை கேட்டாளாம். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேனாம். எனக்கு அது நினைவில்லை. அவள் மறக்கவில்லை.

கணக்கெடுப்பில் நூல்கள் குறைந்தால் யார் பதில் சொல்வது என்னும் அச்சமே நம் அலமாரிகளைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆனால், பத்தாண்டுகளாக எவரும் தொடாத நூலும் தொலைந்த நூல்தானே? கணக்கில் மட்டும் அது இருக்கிறது.

வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வாசகர் என்பன அடுத்த இரு விதிகள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் தடையின்றிப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே நூலைக் கொடுத்துவிட்டு, "இக்காலப் பிள்ளைகள் வாசிப்பதில்லை" என்று குறைகூறுவது முறையா?

வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காம் விதி. டூவி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811. அந்த எண்ணை மட்டும் ஒட்டிவைத்தால் ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? விலங்குக் கதைக்கு ஒரு வண்ணம், அறிவியலுக்கு ஒரு வண்ணம் என ஒட்டினால், அப்பிள்ளை தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாம் விதி. பெற்றோர்களே, பிள்ளையின் பிறந்தநாளன்று வகுப்புக்கு மிட்டாய் அனுப்புகிறீர்கள். அத்துடன் நூலகத்திற்கு ஒரு நூலும் அனுப்பலாமே!

பள்ளி திறந்த முதல் நாளே அலமாரிப் பூட்டைக் கழற்றிவிட்டேன். இதுவரை இரண்டு நூல்களைக் காணவில்லை. யாரோ ஒரு பிள்ளை வீட்டில் வாசித்துக்கொண்டிருப்பதாகவே எண்ணிக்கொள்கிறேன்.

உங்கள் பள்ளிச் சாவி யாரிடம் இருக்கிறது? சிந்திப்போம்.