‘நீங்க ரெண்டு பேரும் யாரு?’

2023 அக்டோபர் 4-ஆம் தேதி திருச்சியை அடுத்த முக்கொம்புக்கு வந்திருந்த ஒரு பெண்ணையும் பையனையும் நான்கு பேர் மடக்கினார்கள். நால்வரும் போலீஸ்காரர்கள், அதில் ஒருவர் சப்-இன்ஸ்பெக்டர். யாரும் சீருடையில் இல்லை. பெண்ணுக்கு வயது 17. விசாரணை என்ற பேரில் பையனை அடித்து விரட்டிவிட்டு, பெண்ணைத் தங்கள் காருக்குக் கொண்டுபோய்ப் பாலியல் தொல்லை கொடுத்தார்கள் என்பது வழக்கு. அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி ஒளியவில்லை. அங்கேயே இருக்கும் புறக்காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். நால்வரும் போக்சோ சட்டத்தில் கைதானார்கள், பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் பக்கத்துப் பேருந்துகளில் இதே பேச்சு. ஜீயபுரத்தில் ஏறி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும் வரை காதில் விழுந்ததில் பாதி, “அந்தப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?” என்பதுதான். அதைச் சொன்னவர்களில் நான் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்தேன். அந்தக் கேள்வி என்னை அறைந்ததுபோல இருந்தது. ஏனென்றால் நானும் ஒருநாள் அந்தப் புள்ளைதான்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். முக்கொம்பு மேலணையில் ஷட்டர் ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஆற்றில் தண்ணீர் வரும் நாளில் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து போவார். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அதன் கொள்ளிடம் பக்கத்து ஷட்டர்களில் ஒன்பது 2018 ஆகஸ்டில் வெள்ளத்தோடு போனபோது அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். அந்த மதகுகளின் மேல்தான் நான் நடை பழகினேன். முக்கொம்பு எனக்குச் சுற்றுலாத்தலம் இல்லை, வாசல் திண்ணை.

1987-இல், எனக்கு 22 வயதில், அந்தத் திண்ணையிலேயே ஒரு காவலர் என்னை நிறுத்தினார். கூட இருந்தவர் பிறகு என் கணவரானார். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருக்காரர். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சாதியால் எத்தனை தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆலமரத்தடியில் உட்கார்ந்து, எந்த வீட்டில் முதலில் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார் அந்தக் காவலர். “நீங்க ரெண்டு பேரும் யாரு?” என்றார். பெயர், தெரு, அப்பா பெயர், என்ன ஆளுங்க என்று வரிசையாகக் கேட்டார். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்றார். என் கால் நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. கூட இருந்தவர் தன் கையில் கட்டியிருந்த எச்எம்டி கடிகாரத்தைக் கழற்றிக் காவலரிடம் கொடுத்தார். முதல் சம்பளத்தில் வாங்கியது. அது காவலரின் சட்டைப்பைக்குள் போன பிறகும் கேள்வி நிற்கவில்லை. “பொண்ணு மட்டும் ஸ்டேஷனுக்கு வரட்டும்” என்றார்.

அப்போதுதான் மீன் வறுவல் விற்கும் ஓர் அம்மா எங்கள் பக்கத்தில் வந்து கூடையை இறக்கி வைத்தார். காலில் செருப்பில்லை, இடுப்பில் சுருக்குப்பை. எங்களை அவருக்குத் தெரியாது. எதுவும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காவலரையே பார்த்தபடி நின்றார்.

“உனக்கென்ன இங்க? போ போ.”

“சும்மாதான் சார் நிக்கிறேன்.”

“வேலையப் பாத்துக்கிட்டுப் போம்மா.”

“வேல இல்ல சார். நிக்கிறேன்.”

ஐஸ் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒருவர் நின்றார். ஐந்து பேர், ஆறு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காவலர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். “ஒழுங்கா வீடு போய்ச் சேருங்க” என்று எங்களிடம் சொல்லிவிட்டு நடந்தார். கடிகாரம் திரும்ப வரவில்லை. நான் திரும்பினேன்.

பல வருஷம் கழித்து, 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. 2001-இல் குஜராத்தின் வடோதராவில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் திருமணம் நிச்சயமான ஒரு ஜோடியை இரவில் நிறுத்தி மிரட்டியிருக்கிறார். கடைசியில் அந்தப் பையன் கழற்றிக் கொடுத்ததும் கைக்கடிகாரம்தான். அந்தக் காவலரின் பணிநீக்கம் சரியே என்றார்கள் நீதிபதிகள். ஒழுக்கக் காவல் போலீஸின் வேலை இல்லை, அந்தப் பேரில் எதையும் கேட்டு வாங்க அவர்களுக்கு உரிமையும் இல்லை என்றார்கள். அதற்கும் மூன்று வருஷம் முன்பே சென்னை உயர் நீதிமன்றம், கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி வழக்கில், வயதுவந்த ஆணும் பெண்ணும் மணமாகாமல் ஓர் அறையில் தங்குவது குற்றமே இல்லை என்று சொல்லியிருந்தது. அறையே குற்றம் இல்லை என்றால் ஆற்றங்கரை மரத்தடி எப்படிக் குற்றமாகும்?

முக்கொம்பில் மடக்கப்பட்ட பெண் மைனர்தானே, போலீஸ் விசாரிக்கத்தானே வேண்டும் என்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விசாரிக்கட்டும். பிள்ளை ஆபத்தில் இருக்கிறாள் என்று பட்டால் பெண் காவலரை வரவழைக்கட்டும், 1098-க்குப் பேசட்டும், பெற்றோரைக் கூப்பிடட்டும். காருக்குள் ஏற்றுவதற்குப் பேர் விசாரணை இல்லை.

இந்தக் கேள்வி காக்கிக்கு மட்டும் சொந்தமும் இல்லை. வருஷா வருஷம் பிப்ரவரி 14 வந்தால் இந்துத்துவ அமைப்புகள் நாய்க்கும் நாய்க்கும் தாலி கட்டிப் படம் எடுத்துக்கொள்கின்றன, ஜோடியாகப் போகிறவர்களை மிரட்டுகின்றன. அந்தச் செய்தியைச் சிரித்துக்கொண்டே படிக்கிறோம். அது சிரிப்பில்லை என்பதை நமக்கு 2015 ஜூன் 23 காட்டியிருக்க வேண்டும். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலில் கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞரை ஒரு சாதி அமைப்பின் தலைவர் ஆள்களோடு வந்து விசாரித்தார், அழைத்துப்போனார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கோயில் கேமராவில் பதிவான காட்சி இல்லாவிட்டால் அது தற்கொலை என்றே முடிந்திருக்கும். அந்தத் தலைவர் யுவராஜுக்கு 2022 மார்ச்சில் சாகும்வரை சிறை என்று மதுரை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சீருடை அணிந்தவர் கேட்பதும், கொடி பிடித்தவர் கேட்பதும், சாதிச் சங்கத்துக்காரர் கேட்பதும் ஒரே கேள்வி. யார் யாரோடு உட்காரலாம் என்பதை ஆள்வது நாங்கள் என்று அதற்கு அர்த்தம். காக்கிக்காரர் அந்த வேலையைத் தன் வேலை என்று எடுத்துக்கொள்ளும் நாளில், மற்ற இருவருக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது. அதனால்தான் போலீஸ் அடாவடியையும் தீவிர வலதுசாரி அரசியலையும் தனித்தனியாக எதிர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தமிழில் ஒரு சொல் எனக்கு நீண்ட நாள் முள்ளாக இருக்கிறது: அராஜகம். ‘போலீஸ் அராஜகம் ஒழிக’ என்ற சுவரொட்டியைத் திருச்சியில் ஒட்டாத கட்சி இல்லை. சொல்லைப் பிரித்தால் அ-ராஜகம், அரசன் இல்லாத நிலை. ஆள்பவன் இல்லாததைக் குறித்த சொல்லை ஆள்பவனின் ஆளே அடிப்பதற்குப் பெயராக்கிவிட்டோம். அந்தச் சொல்லின் பழைய பொருளை உயிர்மூச்சாகக் கொண்ட ஒருவர் நம்மிடையே இருந்தார். எம்.பி.டி. ஆச்சார்யா, 1887-இல் சென்னையில் பிறந்தவர். புதுச்சேரியில் பாரதியின் ‘இந்தியா’ இதழோடு இருந்தவர். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கிய சின்னக் குழுவிலும் ஒருவர். அங்கேயும் மேலிடத்துக் கட்டளைக்குத் தலையாட்ட முடியாமல் வெளியேறி, பெர்லினில் அனார்க்கிஸ்டுகளோடு சேர்ந்தார். 1954-இல் பம்பாயில் காலமாகும்வரை, மனிதர்கள் ஒருவரையொருவர் ஆளாமல் சேர்ந்து வாழ முடியும் என்றே எழுதிக்கொண்டிருந்தார். அவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நானும் ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் அனார்க்கிஸ்ட் இல்லை. போலீஸே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. முக்கொம்பில் அந்தப் பெண் ஓடிப்போய்ச் சொன்னதும் ஒரு காவல் நிலையத்தில்தான், வழக்குப் போட்டதும் போலீஸ்தான். ஆனால் தடி இருப்பவனைத் தடி இல்லாதவர்கள் கூடிநின்று கண்காணிக்க வேண்டும், அதற்குத் தலைவரும் வேண்டாம் கட்சியும் வேண்டாம் என்று அனார்க்கிஸ்டுகள் சொல்கிறார்களே, அதில் நான் அவர்கள் பக்கம். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1990 முதல் ‘காப்வாட்ச்’ என்ற பெயரில் சாதாரண ஜனங்கள் தெருவில் போலீஸ் யாரையாவது நிறுத்தினால் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ் அதிகாரி முழங்கால் வைத்து அழுத்தியதை நின்று படம்பிடித்தது டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற பெண். அவருக்கும் வயது 17. ஃபிளாய்ட் மருத்துவக் கோளாறால் இறந்தார் என்றுதான் போலீஸ் முதலில் அறிக்கை விட்டிருந்தது. அந்தப் பிள்ளை நகராமல் நின்றதால்தான் அறிக்கை பொய்யானது.

சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் 2025 ஜூனில் போலீஸ் அடியில் செத்தபோதும், ஒருவர் மறைந்து நின்று எடுத்த சில நொடிக் காணொலிதான் ஊரை உலுக்கியது. அவர் அந்த நேரத்தில் எவ்வளவு பயந்திருப்பார் என்று யோசிக்கிறேன். கைபேசியைப் பிடித்த கை நடுங்கியிருக்கும். இருந்தும் எடுத்தார்.

கூட்டம் கூடுவது எப்போதும் நன்றாக முடிந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். 2018 மார்ச் 7 இரவு, துவாக்குடி ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன மோட்டார் சைக்கிளை இன்ஸ்பெக்டர் ஒருவர் விரட்டிப்போய் உதைத்தார், உஷா என்ற பெண் விழுந்து செத்தார் என்று தெரிந்ததும் திருவெறும்பூரில் ஆயிரக்கணக்கானோர் சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் அழைக்கவில்லை, தானாக வந்தார்கள். அந்த அழுத்தத்தில்தான் இன்ஸ்பெக்டர் கைதானார். நடுவில் கல்லும் பறந்தது, பேருந்துக் கண்ணாடிகள் உடைந்தன, தடியடி நடந்தது. கல் எறிந்தவர்களை நான் நியாயப்படுத்த மாட்டேன். எறியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் மேலும் தடி விழுந்ததை மன்னிக்கவும் மாட்டேன்.

அந்த மீன்காரம்மா கல் எடுக்கவில்லை, கோஷம் போடவில்லை, கூடையை இறக்கி வைத்தார். அவர் பெயரைக் கேட்டு வைக்காமல் போனேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. மறுவாரம் தேடிப்போனேன், ஆடிப்பெருக்குக் கூட்டத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். முக்கொம்பில் சுற்றுலா வருகிறவர்கள் நுழையும் இடத்தில் ஒரு பலகை வேண்டும். குளிக்காதே, குப்பை போடாதே என்று எழுதத் தெரிந்த நமக்கு இதையும் எழுதத் தெரியும்: ‘இங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்வது குற்றம் அல்ல. சீருடையிலோ சீருடை இல்லாமலோ யார் மிரட்டினாலும் இந்த எண்ணில் புகார் செய்யலாம்.’ கீழே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் எண், பெரிய எழுத்தில். புறக்காவல் நிலையத்தில் பகல் முழுக்க ஒரு பெண் காவலர். விசாரிக்க வருகிறவர் சட்டையில் பெயர் வில்லை.

இதை மனுவாக எழுதிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். காலை ஒன்பதரைக்கு வாசலில் நிற்பேன். வர முடிந்தவர்கள் வந்து கூட நில்லுங்கள்.