பொறியியலாளர் ஆகாத பேராசிரியர்

கரிபியன் தீவொன்றிற் பிறந்து, கடல் கடந்து சென்று, மேனாட்டுப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் உயர்ந்த ஒருவரின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களைக் கூறி அமைவர். ஒன்று அவருடைய விடாமுயற்சி. மற்றது அவரை ஏற்றுக்கொண்ட நாட்டின் பெருந்தன்மை. பொருளியல் அறிஞர் சேர் ஆர்தர் லூயிஸ் அவர்களைப் பற்றியும் இவ்வாறே எழுதப்படுவதுண்டு. விடாமுயற்சியை நாம் மறுக்கவில்லை. பெருந்தன்மையைப் பற்றியே எமக்கு ஐயம் உண்டு.

லூயிஸ் 1915ஆம் ஆண்டு தை மாதம் 23ஆந் திகதி, செயின்ற் லூசியாத் தீவின் தலைநகராகிய காஸ்ரீஸிற் பிறந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டினும் பரப்பிற் சிறியது அத்தீவு. பெற்றோர் இருவரும் அன்ரிகுவாவிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர்கள். ஏழாம் வயதில் நோயுற்று வீட்டிலிருந்த மைந்தனுக்குத் தந்தையாரே பாடஞ் சொல்லிக் கொடுத்தார். சில மாதங்களின் பின் பாடசாலைக்கு மீண்டபோது, நான்காம் வகுப்பிலிருந்த சிறுவனை ஆறாம் வகுப்பில் இருத்தினர். அவ்வயதிலேயே தந்தையார் மறைந்தார். ஐந்து ஆண்மக்களோடு தனித்து நின்ற தாயார் கடை நடத்திப் பிள்ளைகளைப் படிப்பித்தார். இன்று மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் லூயிஸின் பெயரைத் தத்தங் கட்டடங்களுக்குச் சூட்டி மகிழ்கின்றன. ஐடா லூயிஸ் என்னும் அவ்வம்மையாரின் பெயரையும் அருகே பொறித்தல் தகும் என்போம்.

அவர் கற்றது காஸ்ரீஸ் நகரத்துப் புனித மரியாள் கல்லூரி. அக்கல்லூரியின் பழைய மாணவர் இருவர் நோபெல் பரிசு பெற்றனர் என்பதை, பழைய மாணவராகிய நாம் சிறிது பொறாமையோடேனும் குறித்தல் வேண்டும். மற்றவர் 1992இல் இலக்கியத்துக்காகப் பெற்ற கவிஞர் டெரெக் வால்கொட். அவர் பிறந்ததும் தை 23ஆந் திகதியே.

பதினான்கு வயதிலேயே லூயிஸ் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டார். புலமைப்பரிசில் பெறும் வயது வராமையால் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராய் அமர்ந்து, தட்டெழுதவும் கோப்புகளை ஒழுங்குபடுத்தவும் பழகினார். 1932இற் புலமைப்பரிசில் கிட்டியது. அவர் மனம் பொறியியலை நாடியது. ஆனால் குடியேற்ற நாட்டு அரசாங்கமோ கரும்புத் தோட்டக் கம்பனிகளோ கறுப்பினத்தவர் ஒருவரைப் பொறியியலாளராய் வேலைக்கு எடுக்கமாட்டா. எனவே விரும்பிய கல்வியைக் கைவிட்டு, 1933இல் இலண்டன் பொருளியற் கல்லூரியில் வர்த்தகம் பயிலச் சென்றார். பொருளியல் என்பது யாதென்றே அந்நாளில் அவர் அறிந்திருக்கவில்லை.

1937இல் முதல் வகுப்பிற் தேறினார். மறுவருடமே அக்கல்லூரியில் விரிவுரையாளர் குழாத்திற் சேர்ந்த முதற் கறுப்பினத்தவர் ஆனார். 1947இல் லிவர்ப்பூற் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் எழுந்தது. புலமைக்குப் புறம்பான காரணங்கள் குறுக்கே நின்றன. 1948இல் மான்செஸ்ரர் அவரை முப்பத்து மூன்றாம் வயதிற் பேராசிரியராக்கிற்று. பிரித்தானியாவின் முதற் கறுப்பினப் பேராசிரியர் என்று அவரைப் போற்றுகின்றனர். 1948ஆம் ஆண்டு வரை ஒருவரேனும் இல்லாதிருந்தமையைப் போற்றுவோர் எண்ணிப் பார்த்தனரோ?

1952ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் பாங்கொக் நகர வீதியொன்றில் நடந்து செல்கையில், நெடுநாள் மனத்தை அலைத்த வினாவுக்கு விடை தோன்றியதாக அவர் கூறியுள்ளார். அவ்விடையே 1954இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையாயிற்று. உணவுப் பயிர்ச்செய்கையில் மிகையான மக்கள் குறைந்த விளைவோடு உழலும் வரை, புதிய தொழில்களிலும் தோட்டங்களிலும் கூலி உயராது என்பது அதன் சாரம். குடியானவனின் விளைவு பெருகினால் கூலி ஏறும். ஆகவே அவன் முன்னேறுவதில் தோட்டத் துரைமாருக்கு நாட்டமில்லை என்பதையும் அவர் மறையாது எழுதினார். தம்மை வேலைக்கு எடுக்கமாட்டாத அதே கரும்புத் தோட்டங்களின் கணக்கை அவர் இவ்வாறு தீர்த்தார் என்று நாம் கொள்வதிற் தவறில்லை. தேயிலை மலைகளுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த வரலாற்றை அறிந்த எமக்கு, இதனை விளங்கிக்கொள்ளப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. ஆயினும், இலாபம் ஈட்டுவோர் அதனை மீண்டுந் தொழிலிலேயே முதலிடுவர் என்று அவர் வைத்த நம்பிக்கை எல்லா நாடுகளிலும் பலிக்கவில்லை.

1963இல் அவர் அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்ரனுக்குச் சென்றதைக் குறைகூறித் தாயகத்தைக் கைவிட்டார் என்பாரும் உளர். இது நியாயமன்று. 1959இலேயே யமேக்காவில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைமையை ஏற்றார். 1962இல் மேற்கிந்தியக் கூட்டாட்சி குலைந்து தீவுகள் வெவ்வேறு வழியிற் சென்றபோதும் பல்கலைக்கழகம் சிதறவில்லை. அதன் முதற் துணைவேந்தரும் அவரே. பின்னர் 1970இற் கரிபியன் அபிவிருத்தி வங்கியின் முதற் தலைவராகவும் திரும்பி வந்து பணிபுரிந்தார்.

1979இல் தியடோர் ஷூல்ற்ஸுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1991இல் பார்படோஸிற் காலமானார். செயின்ற் லூசியாவின் மோர்ன் போர்ச்சூன் குன்றில், தம் பெயர் தாங்கிய கல்லூரியின் வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அக்கல்லூரியிற் தொழில்நுட்பப் பாடங்களும் கற்பிக்கப்படுகின்றன.