அம்மாவுக்கும் தெரியட்டும் அந்த பாஸ்வேர்ட்

“நெட் வரேல்லை, பிரிண்டரும் வேலை செய்யேல்லை. நீ எப்ப வீட்டை வாறாய்?”

இந்த அழைப்பு வராத ஆட்கள் எங்களில் குறைவு. பத்து வயதிலிருந்தே வீட்டின் டெக்னிக் வேலையெல்லாம் எங்கள் தலையில்தான். கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்புவது, டிவியில் தமிழ் சனல் பிடித்துக் கொடுப்பது, கடைசியில் ரவுட்டர். அலுப்பாக இருக்கிறது என்று புறுபுறுத்தாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது என்ற பெருமை. அது எவ்வளவு மோசமான பெருமை என்று போன வருடம்தான் விளங்கியது.

எங்கள் வீட்டு ரவுட்டருக்கு ஏழு வயது. ஒக்டோபரில் ஒவ்வொரு பின்னேரமும் அதன் லைட்டெல்லாம் அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது. அப்பா வயரைக் கழற்றி, பத்து வரை எண்ணி, திரும்பக் கொழுவுவார். அரை மணித்தியாலம் ஓடும். பிறகு பழையபடி. இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு அடித்தால் அவர்களும் மூன்று முறை அதையே செய்யச் சொன்னார்கள். அப்பா அதை ஏற்கெனவே முப்பது முறை செய்திருந்தார். இங்கே ஜேர்மனியில் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. அது செத்தால் வீட்டுத் தொலைபேசியில் 112ஐக்கூட அழைக்க முடியாது. இதை எங்கள் வீட்டில் யாரும் யோசித்திருக்கவில்லை, நானும்தான்.

ஒரு சனிக்கிழமை புது ரவுட்டர் வாங்கி, ரயிலேறிப் போய் மாற்றினேன். முக்கால் மணித்தியால வேலை. வைஃபைக்கு நானே ஒரு பகிடிப் பெயர் வைத்தேன். இருபது எழுத்தில் ஒரு பாஸ்வேர்ட் போட்டு என் கைபேசியில் சேமித்தேன். அம்மாவின் போன், அப்பாவின் போன், டிவி எல்லாம் இணைத்தாயிற்று. பிரிண்டர் மட்டும் மிச்சம். “அதைப் பிறகு பார்ப்பம்” என்று சொல்லிவிட்டு ஞாயிறு மாலை ரயில் பிடித்தேன்.

இரண்டு கிழமை கழித்து அப்பாவுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் அப்படியான முடிவுக்கு ஆட்சேபனை எழுத வழக்கமாக ஒரு மாதம்தான் தவணை. சாதாரண மின்னஞ்சல் எடுபடாது. கையெழுத்து வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். கடிதத்தை நான் எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன். வைத்தியரின் அறிக்கையையும் சேர்த்து அச்சடித்து அனுப்பச் சொன்னேன். பிரிண்டரோ இல்லாத பழைய ரவுட்டரைத் தேடிக்கொண்டு இருந்தது. அப்பா என்னைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று நினைத்து, எங்கள் ஆட்களின் கடைக்குப் போய், எல்லாவற்றையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, அங்கே அச்சடித்தார்.

கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அடுத்த வெள்ளி கோயிலில் இரண்டு பேர் அப்பாவிடம் வந்து, “அண்ணை, முள்ளந்தண்டு வருத்தம் இப்ப எப்பிடி?” என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா அந்த வருத்தத்தைத் தன் சொந்தத் தம்பிக்கே சொல்லியிருக்கவில்லை. இதை எனக்கு அப்பா சொல்லவில்லை, அம்மாதான் சொன்னா. கடைக்காரரில் கோபமில்லை. அவர் உதவிதான் செய்தார். கோபம் என்னிலேதான்.

அதனால்தான் சொல்கிறேன்: அம்மா அப்பா வீட்டு ரவுட்டரை மாற்றப் போகிறவர்கள், நீங்கள் திரும்ப ரயிலேறிய பிறகு அந்த வீடு எப்படி ஓடும் என்பதை யோசித்து மாற்றுங்கள்.

முதலில், பழுது எதில் என்று பாருங்கள். நாங்கள் ரவுட்டர் என்று சொல்லும் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. மோடம் சுவரில் வரும் லைனோடு கதைக்கும், ரவுட்டர் அதை வீட்டுக்குள் பங்கிடும். மடிக்கணினியை வயரால் நேரே பெட்டியில் கொழுவுங்கள். வயரில் ஓடி, வைஃபையில் மட்டும் அறுந்தால் பிழை வைஃபையில். டிஎஸ்எல் லைட்டே அணைந்து போனால் மோடம் அல்லது வெளியே உள்ள லைன். லைனில் பிழை இருந்தால் நீங்கள் எந்த விலைக்குப் பெட்டி வாங்கினாலும் பயனில்லை.

அடுத்தது, வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பது. ஜேர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த ரவுட்டரை வைப்பது என்பது வாடிக்கையாளரின் உரிமை. டொச்சில் ‘ரவுட்டர்ஃப்ரைஹைட்’ என்பார்கள். இணைப்புக்குத் தேவையான பயனர் விபரங்களை நிறுவனம் ஒப்பந்தத்தோடு, நீங்கள் கேட்காமலே, எழுத்தில் தர வேண்டும். கேபிள் இணைப்பு என்றால் புதுப் பெட்டியின் இலக்கத்தை நிறுவனத்தில் பதிந்த பிறகுதான் அது ஓடும். என் நண்பர்கள் எல்லோரும் சொந்தமாக வாங்கு, மாத வாடகை வீண் என்பார்கள். தனியாக இருக்கும் எனக்கு அது சரி. ஆனால் பெற்றோர் வீட்டுக்கு வாடகைப் பெட்டி மோசமில்லை என்று இப்போது நினைக்கிறேன். அது பழுதானால் வேறொன்று அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. சொந்தப் பெட்டி பழுதானால் பொறுப்பு உங்களுடையது, நீங்களோ முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள்.

இன்னொன்றும் அம்மா அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். 2021 டிசம்பரிலிருந்து, இணைப்பு முழுதாக நின்று, நீங்கள் முறையிட்டு இரண்டு நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால், மூன்றாம் நாளிலிருந்து நட்டஈடு கேட்கலாம். மூன்றாம், நான்காம் நாட்களுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், ஐந்தாம் நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 சதவீதம். எது கூடவோ அது. பிழை உங்கள் பக்கத்தில் என்றால் கிடைக்காது. நாள் எண்ணுவது முறையிட்டதிலிருந்துதான். “பிள்ளை வந்து பார்ப்பான்” என்று காத்திருந்தால் ஒன்றும் இல்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான் காத்திருக்கிறார்கள்.

இனிப் பிரிண்டர். நான் விட்ட பெரிய பிழை அந்தப் பகிடிப் பெயர். போன், டிவி, பிரிண்டர் ஒன்றும் பெட்டியை ஞாபகம் வைப்பதில்லை, வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும்தான் ஞாபகம் வைக்கின்றன. புது ரவுட்டரில் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தால், அநேகமாக எல்லாம் தானாகவே வந்து ஒட்டியிருக்கும். இது தெரியாமல் சின்னத் திரையுள்ள பிரிண்டரில் ஒவ்வொரு எழுத்தாக அமத்திக்கொண்டு இருப்பது போன்ற தண்டனை வேறில்லை.

அப்படியும் ஒட்டாவிட்டால் சந்தேகப்பட வேண்டியவை சில உண்டு. மலிவான பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 தெரியாது. பழைய பிரிண்டருக்கு டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் விளங்காது, இரண்டும் மூன்றும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையில் இருக்கும் போனுக்குப் பிரிண்டர் கண்ணிலேயே படாது. மருமகனின் போனில் மட்டும் பிரிண்டர் வராததன் மர்மம் எங்கள் வீட்டில் இதுதான். கணினி மட்டும் ‘ஒஃப்லைன்’ என்று சொன்னால், அது பிரிண்டரைப் பழைய முகவரியில் தேடுகிறது. கணினியிலிருந்து பிரிண்டரை நீக்கித் திரும்பச் சேருங்கள். ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு எப்போதும் ஒரே முகவரி கொடுக்கும்படி அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வருவது குறைவு.

பிரிண்டரை அப்பாவின் கணினியில் கொழுவி அங்கிருந்து மற்றவர்களுக்குப் பகிரலாம்தான். ஆனால் அம்மா ஒரு பக்கம் அச்சடிக்க அப்பாவின் கணினி எரிய வேண்டும், அப்பாவோ இரவு வேலையில் இருப்பார். நேரே வைஃபையில் சேர்வதே குடும்பத்துக்கு நல்லது.

போன மாசி மாதம் திரும்பப் போனேன். இந்த முறை நான் கதிரையில் இருந்தேன், அம்மா செய்தா. பெயரையும் பாஸ்வேர்டையும் அவவே தெரிவு செய்தா, அவவின் ஊர்ப் பெயரும் கொஞ்ச இலக்கங்களும். பாதியில் “நீயே செய்துவிடன்” என்று சலித்தா. எனக்கும் கை துடித்தது. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணித்தியாலம் போனது. பிறகு அவவே தமிழில் ஒரு தாளில் எழுதினா: எந்த வயர் எங்கே, எந்த லைட் எரிய வேண்டும், எரியாவிட்டால் எந்த இலக்கத்துக்கு அடிப்பது, வாடிக்கையாளர் இலக்கம் என்ன. தாள் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

பாஸ்வேர்டைத் தாளில் எழுதலாமா என்று தங்கச்சி என்னோடு சண்டை. ஜன்னலில் ஒட்டினால் பிழைதான். அலுமாரிக்குள் வந்து பார்க்கிற கள்ளனுக்கு வைஃபையை விட நல்ல சாமான்கள் அங்கே இருக்கின்றன. ரவுட்டர் அமைப்புக்குள் போகிற பாஸ்வேர்ட் வேறு, அது தனி உறையில் நகைப் பெட்டியோடு இருக்கிறது.

போன கிழமை அம்மா அடித்தா. பிரிண்டரில் மை முடிந்துவிட்டதாம். மூடியைத் திறந்து இலக்கத்தைப் பாருங்கோ என்றேன்.

“அது பாத்திட்டன். கடையிலை அதிலை சின்னனும் பெரிசும் இருக்கு, எது லாபம்?”

எனக்குத் தெரியவில்லை. கடையில் நிற்கிறவரிடமே கேட்கச் சொன்னேன்.