படித்தோம், சொல்கிறோம்!

வேலை முடிந்து வரும் களைப்பில் நாவல் படிக்க நேரமேது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், உழைப்பவனைப் பற்றி எழுதிய நூலை உழைப்பவனே படிக்காவிட்டால், அதில் உள்ளது மெய்யா பொய்யா என்று சொல்லப் போவது யார்? அண்மையில் மூன்று நூல்களைப் படித்தோம். நமக்குப் பட்டதை ஒளிக்காமல் கூறுகிறோம்.

முதலாவது, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975-இல் வெளிவந்து, 1977-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழவெண்மணியில், ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் கருகிய கொடுமையே இதன் கரு. அதை எழுதத் துணிந்தமைக்கு ஆசிரியரைப் பாராட்டுகிறோம். நடையிலும் விறுவிறுப்பு உண்டு. ஆனால், மிராசுதாரின் ஆண்மைக் குறையையும் அதனால் விளைந்த மனக்கோணலையும் அவர் முன்னே நிறுத்துகிறார். கூலி நெல் பின்னே போய்விடுகிறது. நாம் கேட்கிறோம்: அந்த மிராசுதார் பிள்ளை குட்டியோடு வாழ்ந்திருந்தால் கூலியைக் கூட்டி அளந்திருப்பாரா? செங்கொடியைக் கண்டு சீறாமல் இருந்திருப்பாரா? வெண்மணியில் தீ வைத்தது ஒரு மனிதரின் மனநோய் அல்ல. கூலி கேட்டவரைப் பொறுக்காத நிலவுடைமை ஆணவம்!

இரண்டாவது, ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1979-இல் வந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் கதை. ஆசிரியை உப்புப் பாத்தியில் இறங்கிப் பிழைத்தவர் அல்லர். ஆயினும் அந்த மக்களிடையே நேரில் சென்று, பேசிப் பழகி, பிறகே பேனாவை எடுத்தார். ஆகவேதான் கண்ணைப் பறிக்கும் வெயிலும், காலை அரிக்கும் கரிப்பு நீரும், வேலைக்கு வரும் பெண்களுக்கு நேரும் மானக்கேடும் ஏட்டில் உயிரோடு நிற்கின்றன. சில இடங்களில் பாத்திரங்கள் பேச்சை விட்டுப் பிரசங்கத்தில் இறங்குகிறார்கள். அது குறையே. ஆனால் பொறுக்கக்கூடிய குறை.

மூன்றாவது, வ. உ. சிதம்பரனாரின் 'சுயசரிதை'. அவர் 1936-இல் மறைந்தார். நூல் 1946-இல் வெளிவந்தது. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வக்கீலாகிய அவர் அவர்கள் பக்கம் நின்றார். அதே ஆண்டில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார்; சிறையில் செக்கிழுத்தார். செய்யுளில் எழுதியிருப்பதால் தனியே படிப்பவர்க்குச் சற்றுக் கடினம். படிப்பகத்தில் ஒருவர் உரக்க வாசித்துப் பொருள் சொல்ல, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்கலாமே!

உப்பளத்தில் வேலை செய்யாத அம்மையாரும், ஆலையில் நூல் நூற்காத வக்கீலும் உழைப்பவனைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். ஏன்? அவன் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்கள். எழுதுகிறவர் எந்தக் குடியில் பிறந்தார் என்று நாம் கேட்கவில்லை. எங்கே நின்று எழுதினார் என்றே கேட்கிறோம்.

குறை கூறினோம் என்பதற்காகக் 'குருதிப்புன'லை ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! படியுங்கள்; படித்துவிட்டு மறுத்துப் பேசுங்கள். படிக்காமல் மறுப்பவன் பேச்சு சபையில் எடுபடாது.