படத்தைத் திறப்பது எந்தப் புரோகிராம்?

நம் பீரோவில் இருந்த பல சமாசாரங்கள் இப்போது கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டன. குழந்தையின் தடுப்பூசி அட்டை, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துச் சேர்த்து வைக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் படத்தின் மேல் மவுஸை வைத்து இரண்டு தட்டுத் தட்டினால், அதைத் திறப்பது எந்தப் புரோகிராம் என்று கவனித்தீர்களா? "எது திறந்தால் என்ன, படம் தெரிந்தால் சரி" என்பீர்கள். அப்படி இல்லீங்க!

படம் திறக்கும் புரோகிராம்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, பார்ப்பதற்கு. விண்டோஸில் 'போட்டோஸ்' என்று இருப்பது இந்த ரகம். அதிலும் திருத்தலாம், ஆனால் அதற்கென்று தனிப் பட்டனைத் தட்டினால்தான் முடியும். மற்றொன்று, வரைவதற்கு. 'பெயின்ட்' அப்படி. திறக்கும்போதே கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். சின்னவனின் தடுப்பூசி அட்டைப் படம் பெயின்ட்டில் திறந்திருக்கிறது. ஐந்து வயது மூத்தவன் அதன் மேல் சிவப்பில் ஒரு ரயில் வண்டி வரைந்துவிட்டான்! மூடும்போது "சேவ் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்க, யாரோ அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டார்கள். ரயில் ஓடிய இடத்தில்தான் ஒன்பது மாதம் முடிந்து போட்ட தட்டம்மை ஊசியின் தேதி இருந்தது. அசல் அட்டையோ வீடு மாற்றும்போதே காணாமல் போயாச்சு. ஊசி போட்ட இடத்தில் பழைய பதிவேட்டைத் தேடி எழுதி வாங்க, அந்தப் பெண் கைக்குழந்தையோடு மூன்று நாள் அலைந்தாள், பாவம்.

சரி, இதை எப்படி மாற்றுவது? முதலில் ஒரு விஷயம் புரிந்துகொண்டால் மற்றது சுலபம். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கும் பின்னால் ஒரு புள்ளியும் வாலும் உண்டு. செல்போன் படத்துக்குப் பெரும்பாலும் ஜேபிஜி; ஸ்கிரீன் ஷாட்டுக்குப் பெரும்பாலும் பிஎன்ஜி. இந்த வாலைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர், இன்ன புரோகிராமைக் கூப்பிட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நாம் மாற்றப் போவது அந்தத் தீர்மானத்தைத்தான். படத்துக்கு ஒன்றும் ஆகாது, பயப்படவே வேண்டாம்.

செய்முறை இதோ:

1. படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'ஓப்பன் வித்', அதற்குள் 'சூஸ் அனதர் ஆப்'.

2. புரோகிராம்களின் வரிசை வரும். 'போட்டோஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. விண்டோஸ் 11 என்றால் கீழே 'ஆல்வேஸ்', 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்று இரண்டு பட்டன். 'ஆல்வேஸ்' தட்டினால் எப்போதும் அதுவே திறக்கும். 'ஜஸ்ட் ஒன்ஸ்' தட்டினால் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். விண்டோஸ் 10-ல், "எப்போதும் இதையே உபயோகி" என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும்; அதில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். (விண்டோஸ் 10-க்குக் கம்பெனியின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் அதுதானே ஓடுகிறது!)

ஜேபிஜி-க்கு மாற்றியதால் பிஎன்ஜி-யும் மாறிவிடாது. ஒவ்வொரு வாலுக்கும் ஒரு தடவை இதே போல் செய்ய வேண்டும். ஜேபிஜி-க்கே நாலு எழுத்தில் 'ஜேபிஇஜி' என்று இன்னொரு வால் உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், படத்தை ஒரு தட்டுத் தட்டி, 'கமாண்ட்' கீயுடன் 'ஐ' எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'ஓப்பன் வித்' பகுதியில் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, 'சேஞ்ச் ஆல்' கொடுத்தால் தீர்ந்தது.

இனி, கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள்.

ஐபோன் படங்கள் சில சமயம் 'எச்இஐசி' என்ற வாலோடு வரும். 2017-லிருந்து ஐபோனில் வந்த முறை இது. அந்தப் படம் திறக்காவிட்டால் வாலை அழித்து ஜேபிஜி என்று எழுதிப் பிரயோஜனமில்லை. உப்பு டப்பா மேல் சர்க்கரை என்று சீட்டு ஒட்டினால் இனிக்குமா? போனிலேயே 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மேட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்துவிட்டால், இனி எடுக்கும் படங்கள் ஜேபிஜி-யாகவே வரும்.

இரண்டாவது, வால்கள் சாதாரணமாக மறைந்தே இருக்கும். இதைத்தான் திருட்டுப் புரோகிராம் அனுப்புகிறவர்கள் பயன்படுத்திக் கொள்கிறார்கள். 'பாப்பா.ஜேபிஜி' என்று கண்ணுக்குத் தெரியும். அதற்கும் பின்னால் 'இஎக்ஸ்இ' என்று நிஜ வால் ஒளிந்திருக்கும். அது படமே இல்லை, புரோகிராம்! விண்டோஸ் 11-ல் ஃபோல்டரைத் திறந்து 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று தட்டிவிட்டால் எல்லா வாலும் வெளியே தெரியும்.

மூன்றாவது, ஜேபிஜி படத்தைத் திருத்தித் திருத்தி சேவ் செய்தால் ஒவ்வொரு தடவையும் தெளிவு கொஞ்சம் குறையும். மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்கு இது ஆகாது. திருத்தியே ஆக வேண்டுமென்றால் 'சேவ் அஸ் காப்பி' என்று தனிப் பிரதியாக வையுங்கள். அசல் அப்படியே இருக்கட்டும்.

பார்க்கும் புரோகிராமுக்கு மாற்றிவிட்டாலும், முக்கியமான படங்களுக்கு ஒரு பென் டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து வைப்பது அவசியம். நாலு நிமிஷ வேலைதான். மத்தியானம் குழந்தை தூங்கும் நேரத்தில் செய்து பாருங்களேன்!